ஏறாத குதிரை

குதிரை வைத்திருப்பவரிடம் உலகம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. குதிரையின் பெயர் யாது, அதன் அகவை எத்தனை, அது எதை விரும்பி உண்ணும், இடிமுழக்கத்துக்கு அஞ்சுமா என்றெல்லாம் வினவுவார் அரியர். "எத்தனை நாளைக்கு ஒருமுறை ஏறிச் செலுத்துகிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. "ஏறுவதில்லை" என்று விடை வருமாயின், கேட்டவர் முகத்தில் முதலில் வியப்புத் தோன்றும், அடுத்து ஒருவகை இரக்கம் தோன்றும், ஈற்றில், "அப்படியாயின் எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்ற இரண்டாவது கேள்வி பிறக்கும். முதற் கேள்விக்கு விடை கூறுவது எளிது. இரண்டாவது கேள்விக்கு விடை கூறமுடியாமல் நாணித் தலைகுனிந்தவர்கள் பலர். அந்நாணம் தாங்காமல் தம் குதிரையை விற்றவர்களும் உளர்.

நம் நாட்டில் இக்கேள்வி மிகுதியாக எழுவதில்லை. குதிரை வைத்திருப்போர் தொகை சிறிது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே குதிரை வைத்திருப்பவர் யாவரும் பிரபுக்கள் அல்லர். பாடசாலை ஆசிரியை, மருத்துவத் தாதி, அஞ்சல் அலுவலகத்து எழுதுவினைஞர் போன்றோரும், ஊர்ப்புறத்தில் ஒரு துண்டுப் புல்வெளியை வாடகைக்குப் பெற்றோ, பலருடைய குதிரைகளை ஒருங்கே பேணும் லாயம் ஒன்றுக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தியோ, ஒரு குதிரையையோ மட்டக்குதிரையையோ வைத்திருப்பர். அத்தகைய லாயங்களில் ஒருவர் செய்வதை மற்றவர் காண்பர். சேணம் பூட்டும் ஓசை ஒருபுறம் கேட்கும். மறுபுறம் ஒருவர் தூரிகையும் கையுமாகத் தம் குதிரையின் விலாவைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். சேணம் பூட்டியவர் மற்றவரை நோக்கி, "இன்றைக்கும் ஏறவில்லையா?" என்று கேட்பார். தீய எண்ணத்தோடு கேட்பதன்று. ஆயினும் நாள்தோறும் கேட்கப்படும் நற்கேள்வியும் முள்ளாகத் தைக்கும். ஏறப்படாத குதிரைக்கு, 'புல்வெளியின் அலங்காரப் பொருள்' என்று ஒரு பரிகாசப் பெயரும் அங்கே வழங்குகின்றது.

உலகம் அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குதிரை மனிதனோடு வாழத் தொடங்கி நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்நெடுங்காலம் முழுவதும் அது போருக்கும் பயணத்துக்கும் ஏருக்கும் வண்டிக்கும் உரிய வலிமையாகவே மதிக்கப்பட்டது. நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இன்றும் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், ஊராத்துறையில் உடையும் மரக்கலங்களைப் பற்றிப் பேசுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு; மூன்று கூறு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த கலம் உடைந்தாலோ, சரிபாதி பண்டாரத்துக்குப் போய்விடும். குதிரை கொண்டுவருவோனுக்கு மன்னன் அத்துணைச் சலுகை அளித்தான். குதிரை என்றாற் படை. படை என்றால் அரசு. மாணிக்கவாசகரைப் பாண்டியன் பொருள் கொடுத்து அனுப்பியதும் குதிரை வாங்கத்தான். அப்பொருள் திருப்பெருந்துறையில் எவ்வழியிற் சென்றது என்பதை நேயர்கள் அறிவர்.

இங்கிலாந்திலே இயந்திர உழுபொறியும் மோட்டார் வண்டியும் பரவியபின், குதிரை உழுவதும் இல்லை, பாரம் இழுப்பதும் இல்லை என்னும் நிலை வந்தது. குதிரை செய்து வந்த நூறு தொழில்களில் எஞ்சியது சவாரி ஒன்றே. ஆகவே, 'குதிரை எதற்கு?' என்ற வினாவுக்குச் 'சவாரிக்கு' என்பதே முழு விடையாகிவிட்டது. குதிரை உயிரோடு இருப்பதற்கே அது ஒரு நியாயம் என்று கருதும் அளவுக்கு அவ்விடை வேரூன்றியது.

ஏறாமல் இருப்பவர் யாவர்? ஒரு பெண்மணியை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்ளலாம். இளமையில் நன்கு ஏறிச் செலுத்தியவர். நாற்பத்தைந்து வயதில் ஒருமுறை விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திற்று, அச்சம் நீங்கவில்லை. அங்கவடியிற் கால் வைக்கும்போதே நெஞ்சு படபடக்கின்றது. வேறொருவருக்கு முதுகுத்தண்டில் நோய். இன்னொருவருடைய குதிரைக்கே மூட்டுவாதம். மற்றும் ஒருவர் எக்காலத்திலும் ஏற விரும்பியவரே அல்லர். குதிரையைக் கண்டதும் மனம் ஒன்றி வாங்கியவர். இந்நால்வரும் உலகத்துக்கு ஒரே பொய்யைச் சொல்கின்றனர்: "வெயில் வரட்டும், ஏறுவேன்", "நிலம் காயட்டும், ஏறுவேன்". இங்கிலாந்தில் நிலம் காய்வதற்குக் காத்திருப்பது நல்ல சாக்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு உதவும்.

இவர்களுக்கு இலக்கியத்திலே ஒரு முன்னோடி உண்டு. அயர்லாந்து நாட்டவராகிய ஜொனதன் ஸ்விப்ட் 1726ஆம் ஆண்டில் வெளியிட்ட கலிவரின் யாத்திரைகள் என்னும் நூலின் நாலாம் பாகத்தில், கலிவர் குதிரைகள் ஆளும் நாடொன்றிற் போய்ச் சேர்கிறான். அங்கே குதிரைகளே அறிவுடைய குடிமக்கள். மனித வடிவங்கொண்டவை காட்டு விலங்குகள். தன் நாட்டில் மனிதர் குதிரை மேல் ஏறுவர் என்று கலிவர் சொல்லியபோது, அவனுடைய தலைவனாகிய குதிரை சினங்கொள்கின்றது. ஊர் திரும்பிய கலிவர் முதன்முதற் பணம் செலவிட்டது இரண்டு இளங்குதிரைகள் வாங்குவதற்கு. அவற்றை நல்லதொரு லாயத்தில் வைத்தான். கடிவாளமும் சேணமும் அவற்றைத் தீண்டவில்லை. நாள்தோறும் நாலு மணிநேரத்துக்குக் குறையாமல் அவற்றோடு உரையாடினான். லாயத்தின் மணமே அவனுக்கு உயிர் தந்தது. தன் மனைவி மக்களின் மணத்தைச் சகியாத கலிவரை ஸ்விப்ட் நகைப்புக்கு உரியவனாகவே படைத்தார் என்பது மெய். அவனைப் பின்பற்றும்படி எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. எனினும் ஒன்றைக் கவனித்தல் தகும். ஏறாத குதிரையோடு ஒருவன் நாலு மணிநேரம் கழித்தான் என்றதும் படிப்போர் சிரிக்கின்றனர். அந்நாலு மணிநேரத்தில் அவன் என்ன செய்தான் என்று எண்ணிப் பார்ப்பவர் இலர்.

குதிரை வைத்திருப்பவருக்கு நாலு மணிநேரம் போவது தெரியாது. குளிர்காலத்தில் இங்கிலாந்திற் பொழுது விடிய எட்டு மணியாகும். அவ்விருளிலே நீர்த்தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை உடைப்பதில் வேலை தொடங்குகின்றது. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 25 லீற்றர் முதல் 40 லீற்றர் வரை நீர் பருகும்; எட்டு, பத்துக் கிலோ உலர்புல் உண்ணும். அதனையும் ஒரே வேளையிற் கொட்டிவிட முடியாது. உடலின் பருமனை நோக்கக் குதிரையின் இரைப்பை மிகச் சிறிது. அதில் அமிலம் இடைவிடாது சுரக்கும். ஆகையால் அது சிறிது சிறிதாக நாள் முழுவதும் மேயவேண்டிய உயிர். வெட்டவெளியில் விடப்பட்ட குதிரை நாளிற் பதினாறு மணிநேரமளவு மேய்வதுண்டு. அன்றியும் குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாது. தகாததை உண்டாலும், குடல் அடைத்துக்கொண்டாலும், வயிற்றுக்குத்து வந்து சில மணிநேரத்திலேயே உயிர் போகலாம். அதனால் நல்ல உடைமையாளர் காலையில் முதலிற் பார்ப்பது குதிரையின் முகத்தை அன்று, இலத்தியை! எத்தனை இடத்தில் விழுந்திருக்கின்றது, இறுகியதா இளகியதா என்று பார்த்தபின்னரே அவருக்கு மனம் ஆறும். கவிஞர் எவரும் பாடாத பகுதி இது.

அடுத்தது குளம்பு. நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியிற் செறிந்த சேற்றையும் கல்லையும் கொக்கியால் அகற்ற வேண்டும். எளிய வேலைபோலத் தோன்றும். ஆனால் குதிரை ஓடித் தப்பும் இனத்தது. கொம்பும் கோரைப்பல்லும் அதற்குப் படைக்கலம் அல்ல, காலே படைக்கலம். ஒரு காலை மனிதன் கையிற் கொடுத்து மூன்று காலில் நிற்கும் குதிரை, தன் ஓட்டத்தையே அவனிடம் அடைக்கலம் வைக்கின்றது. புதிதாக வந்த குதிரை முதல் வாரத்தில் காலைப் பறித்துக்கொள்ளும். இரண்டாம் வாரத்தில் விறைத்தபடி கொடுக்கும். மூன்று மாதம் சென்றபின் ஒருநாள், கை கணுக்காலைத் தொடுமுன்னரே அது தானாகக் காலைத் தூக்கித் தரும். அந்நாளை, பந்தயத்தில் வென்ற நாளைப்போல் நினைவில் வைத்திருப்பவர் உண்டு. குளம்பு மாதத்துக்குச் சற்றேறக்குறைய ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட அளவு வளர்வது. ஆறு வாரம் முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வல்லவர் வந்து சீவித் திருத்தல் வேண்டும். ஏறப்படாத குதிரை பலவற்றுக்கு லாடம் வேண்டாம். சீவுதல் ஒருபோதும் தவிர்க்கமுடியாது.

தேய்த்தல் இன்னும் இனியது. குதிரைகள் இரண்டு எதிரெதிராக நின்று, ஒன்றன் கழுத்தடியை மற்றொன்று பல்லால் மெல்லக் கோதிக்கொள்வதைப் புல்வெளியிற் காணலாம். பெரும்பாலும் அவை தேர்ந்துகொள்ளும் இடம், கழுத்து முதுகோடு சேருமிடத்திலுள்ள மேடு. 1993ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தென்பிரான்சின் கமார்க் இனக் குதிரைகளுக்கு அவ்விடத்தை மனிதர் கையாற் கோதிவிட்டபோது, அவற்றின் இதயத் துடிப்புத் தணிந்தது கண்டறியப்பட்டது. வேறிடத்தைக் கோதியபோது அவ்வாறு தணியவில்லை. ஆய்வு வேண்டாமலே இதனை அறிந்தவர் உளர். அம்மேட்டில் விரல் பட்டதும் குதிரையின் மேலுதடு நீளும், கண்ணிமை தாழும், சிலவேளை, நன்றிக்கடனாக அது திரும்பி மனிதனின் தோளைக் கோத முற்படும். அதன் பல்லுக்கு மனிதத் தோல் ஈடுகொடாது. அன்பு மிகுந்தால் விலகி நிற்பதே தக்கது.

இங்கே சவாரி செய்வோர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. குதிரை மேல் இருப்பவருக்குக் குதிரையின் முகம் தெரியாது. அவர் காண்பது இரண்டு காதுகளும் பிடரி மயிரும் முன்னேயுள்ள பாதையுமே. குதிரையின் உடலசைவை அவர் தம் தொடையாலும் கையாலும் அறிவார்; தேர்ந்தவருக்கு அது பெரியதொரு மொழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் முகத்தைக் காண்பவர் நிலத்தில் நிற்பவரே. சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2015ஆம் ஆண்டிற் குதிரையின் முகத்திலே பதினேழு வேறு அசைவுகளைப் பிரித்து எழுதினர். மூக்குத் துளை சுருங்குதல், கண்ணின் மேற்புறம் மடிதல், உதட்டின் மூலை பின்னிழுத்தல் போன்ற இவ்வசைவுகளை நாள்தோறும் கண்டு பழகியவர், வலி தொடங்குமுன்னரே அதன் சாயலை உணர்ந்து மருத்துவரை அழைப்பார்.

'குதிரைக்கு உடற்பயிற்சி வேண்டாமா? ஏறாமல் விட்டால் அதற்குத் தீங்கன்றோ?' என்பார் உளர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. குதிரைக்கு அசைவு வேண்டும். ஆனால் அவ்வசைவு முதுகின் மேல் ஒருவர் இருந்தால்தான் நிகழும் என்பதில்லை. பிற குதிரைகளோடு பரந்த வெளியில் விடப்பட்ட குதிரை மேய்ந்தபடியே நெடுந்தூரம் நடக்கும். சிறிய கொட்டிலில் இருபத்து மூன்று மணிநேரம் அடைபட்டு, ஒரு மணிநேரம் ஏறப்படும் குதிரையினும் அது நலமாக வாழும். மெய்யான இடர் வேறிடத்தில் இருக்கின்றது. செழித்த புல்லில் நாள் முழுவதும் மேய்ந்து, வேலையின்றி, உடல் பெருத்த மட்டக்குதிரைக்குக் குளம்பழற்சி என்னும் கொடிய நோய் வருவதுண்டு. குளம்பின் உள்ளே எலும்பைத் தாங்கும் மென்படலம் வீங்கி, ஒவ்வோர் அடியும் நெருப்பின் மேல் வைத்தது போலாகும். ஏறாதவர் தம் குதிரைக்குச் செய்யும் பெருந்தவறு, ஏறாமையன்று. ஏறாமைக்கு ஈடு செய்வதாக எண்ணித் தானியத்தையும் இனிப்பையும் அள்ளிக் கொடுத்தலே. மேய்ச்சலை வேலியிட்டு அளவுபடுத்தலும், நிறையை நாடாவால் அளந்து குறித்து வருதலும் அவர் கடமை. அதனோடு, கயிற்றைப் பிடித்தபடி குதிரையோடு நாட்டுப்புற வழியில் நடந்து வரலாம். பின்னே நின்று நீண்ட வார்களாற் செலுத்தி நடத்தலாம். இரண்டு மைல் நடந்த குதிரையும் இரண்டு மைல் நடந்த மனிதரும் வீடு திரும்பும்போது இருவர்க்கும் பசிக்கும். இருவர்க்கும் அது நன்று.

குதிரைக்கு மனிதச் சவாரி இன்றியமையாததாயின் நெடுந்தீவுக் குதிரைகள் என்றோ அழிந்திருக்கும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் ஆண்ட காலத்தில் அத்தீவு குதிரை வளர்க்கும் இடமாக இருந்தது. பழைய லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஆட்சிகள் போயின, குதிரைகள் இருந்தன. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்வோர், பனைகளுக்கும் முருகைக்கல் வேலிகளுக்கும் அப்பாலுள்ள வெளியில் அவை கூட்டங்கூட்டமாக மேய்வதைக் காணலாம். சேணமும் கடிவாளமும் அவை அறியா. எனினும் அவற்றுக்கு எக்குறையும் இல்லை என்பது பிழை. கடுங்கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது அங்கே குதிரைகள் தாகத்தால் மடிந்ததுண்டு. மனிதன் முதுகில் ஏறாமையால் அவை மாளவில்லை. மனிதன் தொட்டியில் நீர் வாராத நாட்களில் மாண்டன.

இனிப் பணத்தைப் பற்றிய பேச்சு. 'இவ்வளவு செலவு செய்து ஏறாமல் இருப்பது வீண் அன்றோ?' இக்கேள்விக்கு உணர்ச்சியால் விடை கூறுவதிலும் கணக்கால் விடை கூறுவது நன்று. குதிரை இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு வரை வாழக்கூடியது. எலும்பு முற்றுமுன் அதன் மேல் ஏறுதல் தகாது. மூன்று, நாலு ஆண்டு அவ்வாறு கழியும். இருபது வயதை அணுகும்போது மூட்டும் முதுகும் பலவற்றுக்குத் தளரும். நடுவிலும் நொண்டியும் நோயுமாகச் சில காலம் போகும். ஆகவே ஒரு குதிரையை அதன் பிறப்பு முதல் இறப்பு வரை வைத்திருக்கும் எவரும், தம் உடைமைக் காலத்திற் பத்தாண்டுக்குக் குறையாமல் ஏறாதவராகவே இருக்க வேண்டும். ஏறாமையை இழிவென்று கருதுவோர் என் செய்கின்றனர்? அந்தப் பத்தாண்டு வருமுன் குதிரையை விற்றுவிடுகின்றனர்.

விற்கப்பட்ட குதிரையின் கதையை ஆங்கில உலகுக்குச் சொன்னவர் ஆனா செவெல் என்னும் அம்மையார். பதினாலாம் வயதில் மழையில் ஓடிவரும்போது வழுக்கி விழுந்து கணுக்கால்களில் ஊறுபட்ட அவர், வாழ்நாள் முழுவதும் இயல்பாக நடக்க முடியாதவரானார். மட்டக்குதிரை பூட்டிய சிறு வண்டியே அவருக்குக் காலாயிற்று. இறுதி ஆண்டுகளில் நோய்ப்படுக்கையிற் கிடந்தபடி அவர் எழுதிய 'பிளாக் பியூட்டி' 1877ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1878இல் அவர் மறைந்தார். குதிரையே தன் வரலாற்றைக் கூறுவதாக அமைந்த அந்நூலில் அது கை மாறிக் கை மாறிப் போகின்றது. ஒவ்வொரு முறையும் விலை குறைகின்றது, வேலை மிகுகின்றது. முழங்கால் காயப்பட்ட குதிரை நல்லிடத்தில் இருக்கத் தகாது என்று முதலில் விற்கப்படுகின்றது. அதன்பின் விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் அதன் பெயர் கூட ஒன்றாக இருப்பதில்லை. அந்நூலிற் கூறப்பட்ட வாடகை வண்டிகள் இலண்டன் மாநகர வீதிகளிலிருந்து மறைந்துவிட்டன. ஏறமுடியாத குதிரை விலை குறைந்து, முகமறியாத கைகளுக்குப் போய், ஈற்றில் இறைச்சிக்கு நிறுக்கப்படும் வழி இன்னும் மறையவில்லை. தோளெலும்பு முறிந்த அப்பெண்மணி, அயலாரின் கேள்விக்கு அஞ்சித் தம் பதினேழு வயதுக் குதிரையை விற்க நேர்ந்தால், அதனை எவர் வாங்குவர் என்பது அவருக்கே தெரியும். லாயத்திற் கேட்கப்படும் சிறு கேள்விக்கு அத்துணை நீண்ட வால் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. இளமையும் துடிப்பும் உள்ள சில குதிரைகள் வேலையை விரும்புகின்றன. புதிய வழிகளைக் காண்பதில் அவற்றுக்குக் கிளர்ச்சி உண்டு. அத்தகைய குதிரையை வைத்திருக்கும் ஏறாதவர், தம்மினும் வல்ல நண்பர் ஒருவர் வாரத்தில் இருமுறை ஏறிச் செலுத்த இசையலாம். அதனால் அவர் உடைமையாளர் அல்லாதவர் ஆகிவிடார். மாலையிற் சேணத்தைக் கழற்றி முதுகின் வேர்வையைத் துடைத்துவிடுபவரும், இரவு உலர்புல் இடுபவரும் அவரே. குதிரை கனைப்பதும் அவருடைய காலடி ஓசைக்கே. ஏறும் கட்டாயம் நீங்கியபின் சிலருக்கு அச்சமும் தானே நீங்கி, ஓராண்டு கழித்து ஒருநாள் அங்கவடியிற் கால் வைப்பதும் உண்டு. ஆனால் அந்நாளை எதிர்நோக்கி, 'இன்னும் வரவில்லையே' என்று நாட்களை எண்ணுவாராயின், பழைய கட்டாயமே வேறு உடையில் வந்து நிற்கின்றது என்க.

ஏறுவதையே மேன்மையாகக் கொண்ட ஒருவர் ஏறாத குதிரையை எவ்வாறு நடத்தினார் என்பதற்கு வரலாற்றிற் சான்று உண்டு. 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் வாட்டர்லூக் களத்தில் வெலிங்டன் பிரபு ஏறிச் சென்ற குதிரையின் பெயர் கோப்பன்ஹேகன். அதன் தாய், டென்மார்க்கின் தலைநகரை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட காலத்திற் படையோடு அங்கே சென்று சூல் கொண்டிருந்தமையால் 1808இற் பிறந்த கன்றுக்கு அப்பெயர் வந்தது. போர் நடந்த நாள் முழுவதும் பிரபுவைச் சுமந்த அக்குதிரை, இரவு அவர் இறங்கி நன்றியோடு பின்புறத்தைத் தட்டிக் கொடுத்தபோது காலை வீசி உதைத்தது. மயிரிழையில் அவர் தப்பினார். நெப்போலியனாற் செய்ய முடியாததை அது செய்திருக்கும் போலும்.

1828இற் பிரதம மந்திரியாகப் பதவியேற்கச் சென்றபோதும் வெலிங்டன் அக்குதிரை மீதே சென்றார். அதன்பின் ஹம்ப்ஷயரிலுள்ள ஸ்ட்ராட்பீல்ட் சே என்னும் தம் பண்ணைவீட்டுப் புல்வெளியில் அதனை ஓய்வாக விட்டார். பிரபுவின் மனைவியார் அதற்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டிப் பழக்கினார். அதனால் அங்கே வரும் பெண்கள் எவரைக் கண்டாலும், தனக்குத் தின்பண்டம் கொண்டுவந்தவரென்று எண்ணிக் கோப்பன்ஹேகன் அருகே வந்து நிற்குமாம். ஐரோப்பாவின் தலைவிதியைச் சுமந்த முதுகு வெறும் முதுகாக வெயில் காய்ந்தது. பார்வையும் செவியும் மங்கி, இருபத்தெட்டாம் வயதில், 1836ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் அது இறந்தது. படை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. அடக்கத்தின்போது ஒரு குளம்பு வெட்டி எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு பிரபு கடுஞ்சினம் கொண்டார் என்பர்.

நெப்போலியனுடையதெனக் கூறப்படும் மரெங்கோ என்னும் குதிரையின் எலும்புக்கூடு இலண்டனிற் காட்சிப்பொருளாக நின்றது. இன்றும் அந்நகரின் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பக்கத்தில் நிறுத்துவதற்குக் கோப்பன்ஹேகனின் எலும்புகளையும் தோண்டித் தரும்படி வெலிங்டனிடம் வேண்டினர். குதிரை புதைக்கப்பட்ட இடம் தமக்குத் திட்டமாகத் தெரியாது என்று அவர் சொல்லி அனுப்பினார். தம் வீட்டுப் பணிப்பெண் விதை ஊன்றி வளர்த்த ஓக் மரம் அப்புதைகுழியின் அருகே தழைத்துக்கொண்டிருந்தது.